தமிழ் மன்றத்தில் சமூக ஊடகப் பொறுப்புக்கு நிற்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து கல்லூரிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முதல் வருடம் சேர்ந்து, தமிழ் மன்றத்தில் பெயரும் கொடுத்துவிட்டு, "சமூக ஊடகப் பொறுப்புக்கு யார் நிக்கிறீங்க?" என்று ஐயா கேட்டபோது கையைப் பாதி தூக்கி இறக்கிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். தயங்காமல் நில்லுங்கள். தலைவருக்கும் செயலாளருக்கும் விழா நாட்களில்தான் வேலை. இந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு வருடம் முழுக்க வேலை உண்டு. முதல் வருடப் பிள்ளையும் தைரியமாக எடுத்துச் செய்யக்கூடிய வேலை அது.

ரீல்ஸ் நன்றாகப் போடத் தெரிந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சேதி சேர வேண்டியவரிடம் நேரத்துக்குச் சேர வேண்டும், இந்தப் பொறுப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை பட்டிமன்றம் என்றால், நாலரை மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கு அது திங்கட்கிழமையே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும். வாக்கு கேட்பதையும் வாக்குறுதி கொடுப்பதையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தே செய்யுங்கள்.

முதலில் விதியை வாங்கிப் படியுங்கள்

கல்லூரி யூனியன் தேர்தல் வேறு, மன்றத் தேர்தல் வேறு. யூனியனில் சேர்மன், ஜெனரல் செக்ரட்டரி, ஸ்டூடன்ட் எடிட்டர், யூயூசி (பல்கலைக்கழக யூனியனுக்குப் போகும் கல்லூரிப் பிரதிநிதி) என்று பதவிகள் வரிசையாக இருக்கும், தேர்தலைப் பல்கலைக்கழக அறிவிப்பின்படி நடத்துவார்கள். தமிழ் மன்றம் துறையோடு சேர்ந்த அமைப்பு. அதில் சமூக ஊடகப் பொறுப்பு என்பது மன்றமே தன் தேவைக்கு உண்டாக்கிக்கொண்ட பதவி. சில இடங்களில் வாக்குப்பெட்டி வைப்பார்கள், சில இடங்களில் பொதுக்கூட்டத்தில் கை தூக்கச் சொல்வார்கள். ஆசிரியரே பேசி ஒருவரை முடிவு செய்கிற இடமும் உண்டு. உங்கள் மன்றத்தில் எந்த முறை என்று பொறுப்பாசிரியரிடம் நேரே போய்க் கேளுங்கள். சீனியர் சொன்னதை வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம், அவருக்கு அவர் நின்ற வருடத்து விதிதான் தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டியவை சிலதான். யாரெல்லாம் வாக்களிக்கலாம், தமிழ்த்துறை மட்டுமா, உறுப்பினரான பிற துறையினருமா? மனுவுக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் வேண்டுமா? மனு கொடுக்கவும் திரும்பப் பெறவும் கடைசி நாள் எது? வகுப்புக்குள் போய்ப் பேச அனுமதி உண்டா? பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் தேர்தல் என்றாலே லிங்தோ கமிட்டியின் பெயர் அடிபடும். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்தோ தலைமையில் அமைந்த குழு அது. கேரளப் பல்கலைக்கழகம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன ஒரு வழக்கிலிருந்து பிறந்தது. அதன் பரிந்துரைகளை 2006-இல் நீதிமன்றம் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவை யூனியன் தேர்தலுக்கானவை. ஆனாலும் மன்றங்கள் அவற்றைப் பார்த்தே தங்கள் விதியை எழுதுவது வழக்கம், அதனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. வருகைப்பதிவு குறைந்தது 75 சதவீதம். அந்த வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது. ஒருவர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 5,000 ரூபாய், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டரும் நோட்டீஸும் கூடாது, கையால் எழுதியதுதான், அதுவும் குறித்த இடத்தில்தான். மனு தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்பது வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும்.

மன்றத் தேர்தலுக்கு 5,000 ரூபாய் எதற்கு? சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் ஆகிற காசு போதும். அதற்கு மேல் ஒருவர் செலவு செய்தால் மற்றவர்களும் செய்ய வேண்டிய நிலை வரும். கையில் காசில்லாத பிள்ளை அடுத்த வருடம் நிற்கவே யோசிக்கும்.

உங்களுக்கு வாக்களிக்கப் போகிறவர் யார்?

வழிகாட்டிகள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. எல்லைப் பக்கத்துக் கல்லூரியில் "தமிழ் மாணவர்" என்ற ஒரே வகை கிடையாது. தமிழ்வழிப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து வந்தவர் இருப்பார். வீட்டில் தமிழே பேசினாலும் பள்ளி முழுக்க மலையாளத்தில் படித்ததால், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறவர் இருப்பார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு மலையாள நோட்டீஸ் புரியாது. தமிழ்ப் பாட்டும் படமும் பிடித்துப்போய் மன்றத்தில் சேர்ந்த மலையாளத் தோழர்களும் இருப்பார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே தமிழ்ப் போஸ்டரை அனுப்பினால் என்ன ஆகும்? கூட்டிப் படிக்கிற பிள்ளை அழகான எழுத்தைப் பார்த்து லைக் போடும், ஆனால் தேதியைப் படித்திருக்காது. படிக்க வராது என்று வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கும். தன் தாய்மொழியில் வந்த அழைப்பைப் படிக்க முடியாமல் வெளியே நிற்கிற பிள்ளையை உள்ளே அழைத்து வருவதுதான் மன்றம் செய்யக்கூடிய பெரிய காரியம் என்று நான் மனதார நம்புகிறேன். அதற்கான முதல் கதவு இந்தப் பொறுப்பில் இருப்பவரின் கையில் இருக்கிறது.

அதனால் மனு கொடுக்கும் முன்னால் ஒரு வாரம் கேட்டுத் திரியுங்கள். கேள்வி ஒன்றே போதும்: "போன தடவை மன்றத்து நிகழ்ச்சி நடந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" கேன்டீனில், பஸ் ஸ்டாண்டில், லேடீஸ் ஹாஸ்டல் வாசலில், லைப்ரரிப் படிக்கட்டில் என்று எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். "ஸ்டேட்டஸ்ல பாத்தேன்", "அக்கா ஒருத்தங்க சொன்னாங்க", "முடிஞ்ச பிறகு போட்டோ பாத்துதான் தெரியும்" என்று பதில் வரும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "முடிஞ்ச பிறகுதான் தெரியும்" என்ற பதில் எத்தனை முறை வருகிறதோ, அத்தனை வாக்குகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

இன்னொரு விஷயமும் அப்போது தெரியவரும். எல்லாரும் இன்ஸ்டாகிராமில் இருப்பதில்லை. வீட்டில் ஒரே போன், அதையும் ராத்திரிதான் கொடுப்பார்கள் என்ற நிலையில் இருக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேதி வாட்ஸ்அப்பில் அம்மா வழியாகவோ, வகுப்புத் தோழி வழியாகவோதான் போகும். அப்படிப்பட்டவர்களுக்காக ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரைப் பிடித்து வைத்திருப்பது எந்த ரீலையும்விடப் பயன் தரும்.

இருக்கிற கணக்கைத் துருவிப் பாருங்கள்

மன்றத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து கடைசி இருபது போஸ்ட்டைப் பாருங்கள். கணினியில் வேண்டாம், வெயிலில் நின்றுகொண்டு உங்கள் போனிலேயே பாருங்கள். நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு வந்திருக்கிறது? தேதியோடு கிழமை இருக்கிறதா? இடம் இருக்கிறதா? எழுத்தெல்லாம் படத்துக்குள்ளேயே இருந்து, கீழே கேப்ஷன் வெறும் இதயக்குறியாக இருக்கிறதா? படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. பார்வைக் குறைவுள்ளவரின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்பவும் முடியாது.

அப்புறம் எழுத்து உடைந்த போஸ்டர்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோட் இடத்தில் ஒட்டினால் தாறுமாறாக வரும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டால் "போட்டி" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிய்ந்து நிற்கும். தமிழ் மன்றத்தின் போஸ்டரிலேயே தமிழ் உடைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. இரண்டை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க அவற்றையே பயன்படுத்துங்கள்.

மிக முக்கியமான கேள்வி, கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. பல மன்றங்களில் நடப்பது இதுதான்: ஆர்வமுள்ள ஒரு சீனியர் தன் சொந்த மின்னஞ்சலையும் போன் எண்ணையும் வைத்துக் கணக்கு தொடங்கியிருப்பார். படிப்பு முடிந்து கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பார். அவருக்கு மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்காது, ஆனால் புதிதாக யார் உள்ளே நுழைந்தாலும் ஓடிபி அவர் எண்ணுக்குத்தான் போகும். அவர் சிம்மை மாற்றியிருந்தால் இன்னும் சிக்கல். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணைத் துண்டித்துவிட்டு, பிற்பாடு வேறு ஒருவருக்கு அதைக் கொடுக்கலாம். மன்றத்தின் கணக்கைத் திறக்கும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகிற நிலை அப்படித்தான் வருகிறது. இப்போதைய பொறுப்பாளரிடம் மரியாதையாக விசாரியுங்கள்: "அக்கா, மன்றக் கணக்கு எந்த மெயில்ல இருக்கு? நம்பர் யாரோடது?" குற்றம் கண்டுபிடிக்கிற தொனி வேண்டாம். பதிலை வைத்து உங்கள் வாக்குறுதியில் ஒன்றை எழுதலாம்.

வாக்குறுதி மூன்றுக்கு மேல் வேண்டாம்

"ஃபாலோயரை ஐயாயிரம் ஆக்குவேன்" என்று சொல்லாதீர்கள். ஃபாலோயர் உங்கள் கையில் இல்லை, அதனால் மன்றத்துக்குப் பெரிய லாபமும் இல்லை. கல்லூரியில் படிக்கிற முந்நூறு பேருக்கு நேரத்துக்குச் சேதி சேர்ந்தால், வெளியே ஐயாயிரம் பேர் பார்ப்பதைவிட எனக்கு அது பெரிது. நீங்களே தனியாகச் செய்து முடிக்கக்கூடியதை, செய்தாயா என்று யாரும் பிறகு கேட்டுப் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

நானாக இருந்தால் இந்த மூன்றைச் சொல்வேன். ஒவ்வொரு நிகழ்ச்சியும் குறைந்தது ஐந்து நாள் முன்னால் அறிவிக்கப்படும், முந்தின நாள் மாலை ஒரு நினைவூட்டல் வரும். ஒவ்வொரு அறிவிப்பும் தமிழ் எழுத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, அரை நிமிடக் குரல் பதிவாக ஒன்று என்று மூன்று வடிவில் வரும். கணக்குகள் எல்லாம் மன்றத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கு மாற்றப்படும், வருடக் கடைசியில் எழுத்து மூலம் அடுத்தவரிடம் ஒப்படைக்கப்படும்.

குரல் பதிவைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள், "தமிழ் மன்றத்துல எதுக்கு மலையாளம்?" என்றும் கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். தமிழ் முதலில் வரும், பெரிதாக வரும். மலையாள வரி, தமிழ் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் போன நம் பிள்ளைகளுக்காகவும் வருகிறது. அவர்கள் நிகழ்ச்சிக்கு வந்தால்தான் தமிழ் படிக்க ஆசையும் வரும்.

ஒரு மாதிரியைச் செய்து காட்டுங்கள்

பேச்சில் சொல்வதைவிட ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தால் வாக்காளருக்கு நம்பிக்கை வரும். நடக்கப்போகிற ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஏற்கனவே நடந்த ஒன்றுக்கு நீங்கள் எப்படி அறிவித்திருப்பீர்கள் என்று செய்யுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் போடுங்கள், "மாதிரி" என்று மேலே எழுதுங்கள். மன்றத்தின் சின்னத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்த வேண்டாம்.

படத்தின் அளவு 1080-க்கு 1350 என்று வையுங்கள். போன் திரையில் அதிக இடம் பிடிக்கும். ஸ்டோரிக்கும் ரீலுக்கும் 1080-க்கு 1920. மேலே என்ன நிகழ்ச்சி என்று ஒரே வரி. நடுவில் கிழமை, தேதி, நேரம் பெரிதாக. கீழே இடம். பேச வரும் விருந்தினரின் பட்டங்களையெல்லாம் படத்தில் அடைக்காதீர்கள், கேப்ஷனில் எழுதிக்கொள்ளலாம். பின்னணியில் சூரியன் மறைகிற படம், பனைமரம், யாழ், வள்ளுவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தேதி காணாமல் போய்விடும்.

வாட்ஸ்அப்புக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். இப்படி:

தமிழ் மன்றம்: கவிதைப் போட்டி
வியாழக்கிழமை, மதியம் 2 மணி, செமினார் ஹால்
பெயர் கொடுக்கக் கடைசி நேரம்: புதன் மாலை 4 மணி
4 மணிக்குள் முடிந்துவிடும், பஸ் பிடிக்கலாம்
மலையாளத்தில் எழுதிப் பேசுகிறவர்களும் வந்து கேட்கலாம்

அதற்குக் கீழே அதே ஐந்து வரி மலையாளத்தில். மலையாளம் எழுதுவதில் தடுமாற்றம் இருந்தால் வகுப்புத் தோழரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், அரைகுறையாகப் போனால் அதையே பேசுவார்கள். நாலாவது வரியைக் கவனியுங்கள். நிகழ்ச்சி எப்போது முடியும் என்பதை யாருமே அறிவிப்பில் எழுதுவதில்லை. தொலைவிலிருந்து வருகிற பெண்பிள்ளை வருவாளா மாட்டாளா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

குரல் பதிவை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். செய்தி வாசிப்பதைப் போலப் பேசினால் கேட்கிறவருக்கு அந்நியமாக இருக்கும். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு" என்பதை முதலிலும் கடைசியிலும் இருமுறை சொல்லுங்கள்.

வாக்கு கேட்கும் நாட்கள்

வகுப்புக்குள் போய்ப் பேச ஒன்றரை நிமிடம் கிடைத்தால் அதிகம். வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் முதல் நாளே அனுமதி கேட்டுவிடுங்கள். மலையாள சீனியர்களிடம் பேசும்போது சேட்டா, சேச்சி என்றும், நம்மவர்களிடம் அண்ணா, அக்கா என்றும் கூப்பிட்டுப் பழகுங்கள், மனத்தடை பாதி குறையும். பேச்சு இப்படி இருக்கலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம் முதல் வருஷம், வேலந்தாவளத்துல இருந்து வர்றேன். மன்றத்துல சமூக ஊடகப் பொறுப்புக்கு நிக்கிறேன். போன மாசம் மன்றத்துல ஒரு போட்டி நடந்துச்சு. நடக்கறதுக்கு முன்னாடியே அது தெரிஞ்சவங்க கை தூக்குங்க பாக்கலாம்."

இங்கே நிறுத்திவிட்டு எண்ணுங்கள். கை குறைவாகத்தான் வரும். பிறகு தொடருங்கள்:

"மத்தவங்களுக்கும் அஞ்சு நாள் முன்னாடியே தெரியணும். தமிழ் படிக்கத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் தெரியணும். அதுக்கு ஒரு மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன், வேணுங்கறவங்களுக்குக் காட்டறேன். நல்லா இருந்தா வாக்குப் போடுங்க, இல்லேன்னா எங்க சரியில்லைன்னு சொல்லுங்க."

இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒழுங்கு முக்கியம். இந்தப் பொறுப்புக்கு நிற்கிறவர் எப்படி மெசேஜ் அனுப்புகிறார் என்பதையே எல்லாரும் பார்ப்பார்கள். வகுப்பு குரூப்பில் அட்மினைக் கேட்டு ஒரே ஒரு முறை போடுங்கள். அனுமதி இல்லாமல் எல்லாரையும் சேர்த்துப் புது குரூப் தொடங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் வேண்டாம். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவது, "வாக்குப் போட்டா ரீசார்ஜ்" என்று சொல்வது எல்லாம் உங்களை அந்தப் பதவிக்குத் தகுதியற்றவராகவே காட்டும்.

மாணவர் அமைப்பு ஏதாவது ஒன்று உங்களை அணுகி, எங்கள் பேனலில் சேர்ந்துகொள் என்று கூப்பிடலாம். கேரளக் கல்லூரியில் அரசியல் இல்லாமல் இருக்காது, அதில் தவறும் இல்லை. நீங்கள் எந்த அமைப்பில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் மன்றத்தின் கணக்கு எல்லா அமைப்புப் பிள்ளைகளுக்கும் பொது. அதனால் இந்த ஒரு பதவிக்குத் தனியாக நிற்பதே நல்லது என்பது என் கருத்து. பேனலில் நின்று ஜெயித்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு போஸ்ட்டிலும் கொடியின் நிறத்தைத் தேடுவார்கள்.

எதிர்த்து நிற்பவரைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகப் பேச வேண்டாம். ஜெயித்த பிறகு அவர்தான் உங்களுக்கு முதல் துணை ஆள்.

கேட்கப்போகும் கஷ்டமான கேள்விகள்

நேருக்கு நேர் கேள்வி கேட்கும் கூட்டம் வைத்தால், எல்லைப் பக்கத்தில் சில கேள்விகள் வந்தே தீரும்.

நவம்பர் 1 அன்று மன்றத்தின் பக்கத்தில் என்ன போடுவாய் என்று கேட்பார்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள் அது. கல்லூரியில் அதைக் கேரளம் பிறந்த நாளாக, கேரளப் பிறவி என்று கொண்டாடுவார்கள். தமிழ்நாட்டில் அதே நாளை எல்லைப் போராட்டத் தியாகிகளோடு சேர்த்து நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, அரசு அறிவித்த ஜூலை 18-ஆ என்ற சண்டையும் கமென்ட்டில் வரும். "பாலக்காடு முழுக்க மெட்ராஸ்லதான் இருந்துச்சு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அதுவும் சரியில்லை. பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. தன் தாலுகாவின் கதையைத் தெரிந்துவைத்திருக்கிற பொறுப்பாளரால்தான் அந்தக் கமென்ட்டை அமைதியாகத் திருத்த முடியும். நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: கல்லூரிக் கொண்டாட்டத்துக்கு வாழ்த்துச் சொல்வோம், நம் ஊர் வரலாற்றை உள்ளபடி எழுதுவோம், எழுதும் முன் ஆசிரியரிடம் காட்டுவோம்.

அடுத்தது தண்ணீர். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணை வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். குறைந்தால் இந்தப் பக்கத்து விவசாயி கோபப்படுவார், அந்தப் பக்கத்து விவசாயிக்கும் தன் வயல் இருக்கிறது. உங்கள் மன்றத்தில் இரண்டு பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகளும் இருப்பார்கள். இதில் மீம் போடுவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேச வேண்டுமென்றால் விவரம் தெரிந்தவரை அழைத்து மன்றத்தில் பேசலாம், அந்தப் பேச்சைப் பதிவாகப் போடலாம்.

மாசி மாதம் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு அரசனை வென்றதன் நினைவு என்பது ஐதீகம். கொங்குப் பக்கத்து வேர் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்க்கப் போவதும் வழக்கம்தான். "நம்மளைத் தோற்கடிச்சதை நாமளே ஸ்டோரி போடறதா?" என்று யாராவது கேட்டால் தடுமாற வேண்டாம். ஊர்த் திருவிழா அது. அதை அழகாகப் படம் எடுத்து, பின்னால் உள்ள கதையை இரண்டு வரியில் மரியாதையாகச் சொல்லலாம். எல்லையில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துக் கதையும் சொந்தம்.

படம் எடுப்பதைப் பற்றிப் பெண்பிள்ளைகள் கேட்பார்கள், நீங்களாகவே முன்வந்து சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. "மேடையில் இருப்பவரைத் தவிர யாரையும் அருகில் படம் எடுத்துப் போடும் முன் கேட்பேன், நீக்கிவிடு என்று சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே நீக்கிவிடுவேன், அனுமதி இல்லாமல் யாரையும் டேக் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். சில வீடுகளில் ஒரு போட்டோவால் படிப்பே நின்றுபோகும் நிலை இருக்கிறது. அதைப் பெரிதுபடுத்தாமல், சொன்னதைச் செய்தால் போதும்.

வாக்குப்பதிவு, அதற்குப் பிறகு

வாக்குப்பதிவு நாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடையாள அட்டை கொண்டுவரும்படி முந்தின நாள் நினைவூட்டுங்கள், எண்ணும் இடத்தில் உங்கள் சார்பில் ஒருவரை உட்கார வையுங்கள். சுவரில் ஒட்டியதை அன்று மாலையே நீங்களே கிழித்து எடுத்துவிடுங்கள்.

ஜெயித்தால், நன்றிப் போஸ்ட் போடும் முன் சாவியை வாங்குங்கள். பழைய பொறுப்பாளரையும் ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மன்றத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, இன்ஸ்டாகிராமை அதற்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை (டூ-ஃபாக்டர்) இயக்குங்கள். அப்போது கிடைக்கும் காப்புக் குறியீடுகளை (பேக்கப் கோட்) ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஆசிரியரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் குறைந்தது மூன்று அட்மின்கள் இருக்கட்டும், அதில் ஒருவர் ஆசிரியர். ஒரு குரூப்பில் 1,024 பேர்தான் சேர முடியும், ஆனால் அந்த எல்லை வருவதற்கு வெகு முன்னாலேயே "குட் மார்னிங்" படங்களில் அறிவிப்பு மூழ்கிவிடும். அறிவிப்புக்கென்று அட்மின் மட்டும் எழுதக்கூடிய குரூப் ஒன்று, அரட்டைக்கு வேறு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். கல்லூரியின் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் விழா என்றால் இன்ஸ்டாகிராமில் கூட்டுப் போஸ்ட்டாகப் போடலாம், இரண்டு பக்கத்திலும் தெரியும். பிசினஸ் கணக்காக மாற்றினால் சினிமாப் பாட்டு பல நேரம் கிடைக்காது, அதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

முதல் வாரத்தில் ஒரு நோட்டு வாங்கி மன்றத்து அலமாரியில் வையுங்கள். எந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, யார் யார் அட்மின், எந்தப் படம் யாருடைய அனுமதியோடு போட்டது, எந்த வகுப்பில் சேதி சொல்கிறவர் யார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

தோற்றால், செய்து வைத்த மாதிரியையும், கேட்டு எழுதிய பதில்களையும் ஜெயித்தவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் வகுப்புக்குச் சேதி சொல்கிற ஆளாக உங்கள் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த தேர்தல் வரும்போது மன்றத்தின் வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து தெரிந்தவராக மனு கொடுக்கலாம்.